எல்ல இறக்கத்தில பிரேக் தீயுற வாசம்

போயா லீவுக்கு பண்டாரவளையில இருந்து அறுகம்குடா போகையில, இராவணன் நீர்வீழ்ச்சி தாண்டினதும் வேன் பிரேக் தீஞ்ச வாசம், பெடலும் பஞ்சு மாதிரி அமுங்குதுன்னு கேட்டிருந்தீங்க.

வாசம், சக்கரத்தை உரசி நிப்பாட்டுற பிரேக் லைனிங் சூடானதால. பெடல் அமுங்குறதுதான் பயப்பட வேண்டியது. பழைய பிரேக் ஒயில் ஈரத்தை இழுத்திருக்கும். சூட்டில அது கொதிச்சு ஆவியாகும். ஒயில் அமுங்காது, ஆவி அமுங்கும். பிரேக் ஒயில் டாங்கி மூடியில ஒயில் வகை டொட் 3ஆ, டொட் 4ஆன்னு பார்த்து, அதே வகையில புது ஒயில் முழுசா மாத்தி, பிரேக் குழாயில இருக்கிற காத்தையும் எடுக்கச் சொல்லுங்க. 2 வருஷத்துக்கு ஒருக்கா மாத்துறது நல்லம்.

எல்ல தாண்டினதும் இரண்டாம் கியர். பிரேக்கில காலை வச்சபடியே இறங்காம, வேகம் கூடினா நல்லா மிதிச்சுக் குறைச்சிட்டு முழுசா விடுங்க. நியூட்ரல்ல இறக்கி டீசல் மிச்சம் பிடிக்கிற யோசனையே வேணாம். பெடல் திரும்பவும் அமுங்கினா ஓரமா நிப்பாட்டி ஆறவிடுங்க. சூடான பிரேக் டிரம்மில தண்ணி ஊத்தினா வெடிப்பு விழும்.

லகுகல பக்கம் யானை ரோட்டுக்கு வரும். இருட்டுறதுக்கு முந்தி பொத்துவில் சேருங்க.