சட்டம் இருக்கிறது, கணக்குப் பார்ப்பது யார்?

கேள்வி: கம்யூனிச ஆட்சி முடிந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் ஊழல் ஒழிப்புச் சட்டங்கள் ஒழுங்காக நடைமுறைக்கு வருகின்றனவா என்று வெளியார் கண்காணித்ததாகப் படித்தேன். அதனால் பலன் இருந்ததா?
– முதுகலை மாணவி, திருமங்கலம்

பதில்: 1989-க்குப் பிறகு அந்நாடுகளில் அரசின் வசமிருந்த ஆலைகள், நிலங்கள், வங்கிகளில் பெரும்பகுதி அடுத்து வந்த ஆண்டுகளில் தனியாரிடம் போய்ச் சேர்ந்தது. விலை வைத்தவரும் வாங்கியவரும் பல இடங்களில் ஒரே வட்டத்தினராக இருந்தார்கள். சட்டம் இயற்றுவது அங்கே பெரிய காரியமாக இருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இடம் கிடைக்கும் என்றால் எந்த நாடாளுமன்றமும் கைதூக்கும். இயற்றிய சட்டத்தால் வழக்கு நடக்கிறதா, தீர்ப்பு வருகிறதா என்று பார்ப்பதுதான் கடினமாக இருந்தது.

ஒன்றியத்திலிருந்து வேறான ஐரோப்பிய கவுன்சில் என்ற அமைப்பு 1999-இல் தொடங்கிய 'கிரேக்கோ' என்னும் ஊழலுக்கு எதிரான நாடுகளின் குழுவில், உறுப்பு நாடுகளின் வல்லுநர்களே பிற நாடுகளுக்குச் சென்று விசாரித்துப் பரிந்துரை தருகிறார்கள். பிறகு ஒரு கெடு வைத்து, எவை நிறைவேறின, எவை அரைகுறையாக நிற்கின்றன என்று மறுபடியும் கேட்கிறார்கள். அவர்களால் தண்டிக்க முடியாது. 2007-இல் ஒன்றியத்தில் சேர்ந்த பல்கேரியாவுக்கும் ருமேனியாவுக்கும் தனிக் கண்காணிப்பு முறை வைக்கப்பட்டு, 2023-இல்தான் முடித்துவைக்கப்பட்டது. ஆனால் உள்ளே வந்துவிட்டவரை மிரட்டுவது எளிதல்ல. சேரும்வரை இருந்த பயம் சேர்ந்தபின் இருப்பதில்லை.

ருமேனியாவையே பாருங்கள். 2017 ஜனவரி 31 இரவில் அந்நாட்டு அரசு ஓர் அவசர ஆணை பிறப்பித்தது: அதிகார துஷ்பிரயோகத்தால் ஏற்பட்ட இழப்பு 2,00,000 லெய்க்கு (லெய் அந்நாட்டு நாணயம்) குறைவாக இருந்தால் அது குற்றமே அல்ல. கடுங்குளிரில் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்க, சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அன்று காவல் காத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான் என்பது என் எண்ணம்.

கேள்வி: ஊழல் பட்டியலில் ஒரு நாடு முன்னேறினால் அங்கே ஊழல் குறைந்துவிட்டது என்று கொள்ளலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உசிலம்பட்டி

பதில்: கொள்ள வேண்டாம். டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு 1995 முதல் வெளியிடும் அந்தப் பட்டியல் வல்லுநர்களும் தொழில் நடத்துவோரும் என்ன நினைக்கிறார்கள் என்பதைத் தொகுத்துச் சொல்வது. கைமாறிய பணத்தை எண்ணிச் சொல்வதல்ல.

கேள்வி: இதிலிருந்து நம் ஊராட்சிக்கு எடுத்துக்கொள்ள ஏதேனும் உண்டா?
– வார்டு உறுப்பினர், மேலூர் வட்டம்

பதில்: ஸ்லோவாக்கியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 முதல் அங்கே அரசு செய்யும் ஒப்பந்தம் இணையத்தில் வெளியானால்தான் செல்லும்; மூன்று மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் அது போடப்படாததாகவே கருதப்படும். மறைத்தால் ஒப்பந்தக்காரருக்கே நட்டம் என்பதால், வெளியிடுங்கள் என்று அவரே அலுவலகத்தை நச்சரிப்பார். இதைவிட மலிவான காவல் எனக்குத் தெரிந்து இல்லை.

நம்மிடமும் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே வெளியிட வேண்டியவற்றை வகுத்துச் சொல்கிறது. வெளியிடாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்று மட்டும் சொல்லவில்லை. உங்கள் பக்கத்துக் கிராமசபை ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தபோது, செலவுக் கணக்கு மூச்சுவிடாமல் வாசிக்கப்பட்டது. "தெருவிளக்குப் பராமரிப்பு" என்று வந்ததும் பின்வரிசையிலிருந்த பாட்டி ஒருவர், "எந்தத் தெரு விளக்குப்பா?" என்று கேட்டார். வாசித்தவர் ஏட்டைப் புரட்டினார். அதில் தொகை இருந்தது, தெரு இல்லை.

அடுத்த முறை நீங்கள் 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனுப் போட்டு, அந்தப் பணியில் செய்த வேலையின் அளவுகளைக் குறித்து வைக்கும் அளவுப் புத்தகத்தை, அதாவது 'எம் புக்'கை, நகல் கேளுங்கள். சிமென்ட் சாலை என்றால், அதே சட்டத்தின்படி இடத்தை நேரில் பார்வையிடவும் போட்ட பொருளின் மாதிரியைச் சான்றிட்டுப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதையும் அந்த மனுவிலேயே எழுதிவிடுங்கள்.