எடை ஏறாத குழந்தைக்கு பிசியோதெரபியை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. செரிப்ரல் பால்ஸி (மூளை பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராத நிலை). ஒரு வருடமாக பிசியோதெரபி கொடுக்கிறோம். எடை 11 கிலோவிலேயே நிற்கிறது. மடியில் சாய்த்து ஊட்டினால் ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. பயிற்சியின்போது அழுகிறான், சில நாள் வாந்தியும் எடுக்கிறான். எடை கூடும்வரை பயிற்சியை நிறுத்தலாமா?

பதில்: முழுக்க நிறுத்தாதீர்கள். தசையை நீட்டிவிடும் பயிற்சி நின்றால் கை கால் இறுகிவிடும். களைப்பூட்டும் பயிற்சிகளை மட்டும் சில வாரம் குறைக்க முடியுமா என்று தெரபிஸ்டிடம் கேளுங்கள். இந்த வயதுக்கு 11 கிலோ மிகவும் குறைவு. குழந்தை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது அந்த மடிதான். சாய்த்துப் பிடித்தால் தலை பின்னால் போய் தாடை தூக்கிக்கொள்ளும். தலையை அண்ணாந்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள், அவன் படும் பாடு புரியும். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகவும் வாய்ப்புண்டு. இடுப்பும் முழங்காலும் மடங்கி, பாதம் பலகையில் பதிகிற மாதிரி நாற்காலியில் உட்கார வையுங்கள். பக்கவாட்டில் சரியாமல் துண்டைச் சுருட்டி அணை கொடுங்கள். நீங்கள் எதிரே, அவன் கண் மட்டத்தில். தட்டையான சின்னக் கரண்டியை நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி, உதடு மூடும்வரை பொறுத்து, நேராக வெளியே எடுங்கள். மேல்பல்லில் வழித்தால் தலை மறுபடி பின்னால் போய்விடும். இப்படி உட்கார்ந்து சாப்பிடுவதே கழுத்துக்கும் முதுகுக்கும் நல்ல பயிற்சி. தெரபிஸ்டிடம் ஒருமுறை நீங்கள் ஊட்டுவதைக் காட்டுங்கள்.

சாப்பிட்டபின் அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும். பயிற்சிக்கு ஒன்றரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், வாந்தி குறையும். அழுகைக்கு மலச்சிக்கலோ இடுப்பு வலியோகூட காரணமாகலாம்.

ரசத்தில் கரைத்த சாதம் வயிற்றை நிரப்பும், உடம்பில் ஒட்டாது. நீர்த்த உணவு தொண்டையில் வேகமாக ஓடுவதால் புரையும் ஏறும். குழைத்த பருப்பு சாதத்தில் ஒரு தேக்கரண்டி நெய் விட்டால் 45 கலோரி கூடும். கெட்டியான கேழ்வரகுக் கூழில் வேர்க்கடலையை மாவாக அரைத்துக் கலக்கலாம், ஒவ்வாமை இல்லையென்றால். வலிப்பு மருந்து சாப்பிடுகிறானா? அவற்றில் சில வைட்டமின் டி-யைக் குறைத்து எலும்பைப் பலவீனமாக்கும், மருத்துவரிடம் கேளுங்கள்.

சாப்பிடும்போது இருமல், குரலில் கரகரப்பு, அடிக்கடி சளிக்காய்ச்சல் இருந்தால் விழுங்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும். உணவு செலுத்த வயிற்றில் குழாய் வைக்கச் சொன்னால் உங்கள் வளர்ப்பில் குறை என்று நினைத்துக் கலங்காதீர்கள். குழாய் வைத்த பிறகும், பாதுகாப்பு என்று மருத்துவர் சொன்னால், ருசிக்கு ஒரு வாய் ஊட்டலாம்.