சாங்கி 15 அங்குலப் பீரங்கிகள்: கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூரின் பீரங்கிகள் கடலைப் பார்த்தே நின்றதால்தான் 1942-இல் தீவு ஜப்பானியரிடம் விழுந்தது என்று பள்ளியில் படித்தோம். உண்மைதானா ஐயா?

பதில்: இல்லை. தீவின் கிழக்கு முனையான சாங்கியில் இருந்த ஜொகூர் பீரங்கித் தளத்தில் 15 அங்குலப் பீரங்கிகள் (குழல் வாயின் விட்டம் 15 அங்குலம்) மூன்று. அவற்றில் இரண்டை நிலப்பக்கம் திருப்பி, நீரிணைக்கு அப்பால் ஜொகூர் பாரு, தீவுக்குள் தெங்கா, புக்கித் தீமா வரை 194 குண்டுகள் சுட்டார்கள். தீவின் இன்னொரு தளமான புவனா விஸ்தாவின் இரண்டு 15 அங்குலப் பீரங்கிகள் வடக்கே திரும்ப முடியாமல் நின்றன. "தவறான திசை" என்ற கதை அவை போன்ற சிலவற்றுக்கு மட்டும் பொருந்தும்.

கேள்வி: அப்படிச் சுட்டும் ஏன் பலன் இல்லை?

பதில்: குண்டின் வகைதான் காரணம். இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு குண்டு சுமார் 880 கிலோ, ஒரு சின்ன காரின் எடை. அதில் பெரும்பகுதி கெட்டி எஃகு. வெடிமருந்து 3 சதவீதத்துக்கும் குறைவு. போர்க்கப்பலின் கவசத்தைத் துளைத்து உள்ளே போன பிறகு வெடிப்பதற்காக, தாமதித்து வெடிக்கும் திரியை அடிப்பாகத்தில் வைத்திருப்பார்கள். அதே குண்டு ஈர மண்ணில் விழுந்தால் ஆழமாகப் புதைந்துதான் வெடிக்கும். சிதறலை மண்ணே விழுங்கிவிடும். பக்கத்தில் படுத்திருக்கும் சிப்பாய் தப்பிவிடுவான். காலாட்படைக்கு எதிராகத் தேவைப்பட்டது தொட்டவுடன் வெடித்துச் சிதறும் குண்டு. 15 அங்குலத்துக்கு அது ஒன்றுகூட இருப்பில் இல்லை. தீவில் இருந்த சிறிய 9.2 அங்குலப் பீரங்கிகளுக்கோ, பீரங்கி ஒன்றுக்கு 30-தான் இருந்தது.

வாங்கி வைத்தவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு வரும் ஜொகூர் நீரிணையின் கிழக்கு வாயிலைக் காப்பதுதான் இந்தத் தளத்தின் வேலை. கப்பலுக்கு அந்தக் குண்டுதான் சரி. ஆனால் மலாயா வழியாக எதிரி வரலாம் என்ற பேச்சு 1930-களிலேயே ராணுவத்துக்குள் இருந்தது. அதற்குப் பிறகும் இருப்பை மாற்றாததுதான் என் பார்வையில் பெரிய குற்றம்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் தளத்துக்கு ஏன் ஜொகூர் பெயர்?

பதில்: மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாவுக்கு 1935-இல் பக்கத்து மலாய் மாநிலமான ஜொகூரின் சுல்தான் இப்ராஹிம் 5 லட்சம் பவுண்டு கொடுத்தார். அதில் பெரும்பங்கு இங்கே செலவானது, அதனால்தான் அந்தப் பெயர்.

கேள்வி: பீரங்கிகள் இப்போது எங்கே அண்ணே?

பதில்: சாங்கியைக் கைவிட்டபோது, பிப்ரவரி 15 சரணடைவுக்கு முன்பே, பிரிட்டிஷ் படையே தகர்த்துவிட்டது. போருக்குப் பின் மிச்சம் பழைய இரும்பாகப் போனது. நிலத்தடிக் குண்டுக் கிடங்கு மறக்கப்பட்டு, 1991-இல் சிறைத்துறையின் கண்ணில் பட்டது.

கேள்வி: பிள்ளைகளை அழைத்துப் போனால் என்ன பார்க்கலாம்?

பதில்: சாங்கியின் காஸ்ஃபோர்ட் ரோட்டில் 2002-இல் திறந்த மாதிரிப் பீரங்கியும் மாதிரிக் குண்டும் இருக்கின்றன. குண்டின் பக்கத்தில் பிள்ளைகளை நிற்கச் சொல்லுங்கள், அளவு அப்போதுதான் புரியும். கிடங்குக்குள் இறங்க முடியாது, மூடிவிட்டார்கள். கடலோரப் பீரங்கித் தளம் ஒன்றை உள்ளே நடந்து பார்க்க வேண்டுமென்றால் செந்தோசாவின் சிலோசோ கோட்டைக்குப் போங்கள். அசல் 15 அங்குலக் குழல்தான் வேண்டுமென்றால் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியக வாசலில் இரண்டு நிற்கின்றன. அவை போர்க்கப்பல்களில் இருந்தவை.