பார்வையாளர், சாட்சி: இரண்டும் ஒன்றா?

இரண்டு பேரும் பெரும்பாலும் பார்த்தவர்கள்தான். ஆனால் பார்ப்பதோடு வேலை முடிந்தால் அவர் பார்வையாளர். பார்த்ததை நாளை யாராவது கேட்கும்போது சொல்லக்கூடியவர் சாட்சி. சமஸ்கிருதத்தில் 'அக்ஷி' என்றால் கண்; 'சாட்சி' அதிலிருந்து வந்தது. பழந்தமிழில் சாட்சிக்குக் 'கரி' என்று பெயர். இப்போது அப்படிச் சொன்னால் அடுப்புக்கரிதான் நினைவுக்கு வரும்!

சரி, தெருவில் இரண்டு வண்டிகள் மோதுகின்றன. மோதிய நொடியில் எதிரே நின்றவர் சாட்சி. சத்தம் கேட்டுப் பிறகு கூடுகிற கூட்டம் வேடிக்கை பார்ப்பது. அவர்களைப் பார்வையாளர் என்றுகூட நான் சொல்லமாட்டேன். பார்ப்பதற்கென்றே வந்து உட்கார்பவர்தான் பார்வையாளர்.

அப்புறம், சாட்சி என்றால் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அலறலைக் காதால் கேட்டவரும், கைரேகையை ஆராய்ந்த நிபுணரும்கூட நீதிமன்றத்தில் சாட்சிகள்தான்.