லாத்வியப் பெயர்களுக்கு என்ன பொருள்?

லாத்வியப் பெயர்கள் ஏன் 'ஸ்' என்று முடிகின்றன, அவற்றுக்குப் பொருள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அது ஆண்பால் விகுதி. பெண் பெயர்கள் பெரும்பாலும் 'ஆ' அல்லது 'எ' என முடியும்.

பொருள் நிறையவே உண்டு. அவுஸ்மா என்றால் விடியல், வில்னிஸ் என்றால் அலை. லைமா, பழங்கால விதித் தெய்வத்தின் பெயர். எனக்கு மிகவும் பிடித்தது ட்ஸிந்தர்ஸ்: பால்டிக் கடற்கரையில் ஒதுங்கும் அம்பர் என்ற மஞ்சள் பிசின்கல்லையே மகனுக்குப் பெயராக வைத்துவிடுகிறார்கள்! மகளானால் ட்ஸிந்த்ரா.

யானிஸ் என்ற ஆண் பெயரோ கிறிஸ்தவ யோவானிலிருந்து வந்தது. நாட்காட்டியில் ஏறக்குறைய ஒவ்வொரு நாளுக்கும் சில பெயர்கள் இருக்கும்; அன்று அந்தப் பெயருடையவர்களை வாழ்த்துவார்கள். யானிஸின் நாள் ஜூன் 24. அதற்கு முந்தைய இரவு நாடே தீமூட்டி, ஓக் இலை மாலையோ பூமாலையோ சூடி, விடியும்வரை பாடும்.