நூலும் தறியும் இல்லாமல் கம்பளி எப்படித் துணியாகிறது?

இதற்குப் பெயர் ஃபெல்ட். நூற்காமல், நெய்யாமல், ஆட்டுக் கம்பளி இழைகளையே ஒன்றோடொன்று சிக்க வைத்துச் செய்யும் துணி.

ஒவ்வொரு கம்பளி இழையின் மேலும் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள், எல்லாம் நுனியைப் பார்த்தபடி அடுக்கியிருக்கும். வெந்நீரும் சோப்பும் பட்டால் இழை ஊறி, வழுக்கி, எளிதில் நகரும், ஆனால் தேய்க்கத் தேய்க்க அது ஒரு திசையில்தான் முன்னேற முடியும், திரும்பி வரச் செதில் விடாது. அப்படியே ஒன்றுக்குள் ஒன்று புகுந்து இறுகிவிடும். நாள்கணக்கில் சீவாமல் விட்ட நீளமான முடி சிக்குப் பிடிக்குமே, அதேதான், இங்கே வேண்டுமென்றே செய்கிறோம். இறுகும்போது மூன்றில் ஒரு பங்குகூடச் சுருங்கும், அதனால் முதலில் பெரிதாகப் பரப்ப வேண்டும். சின்ன பொம்மைகளுக்குத் தண்ணீரே வேண்டாம், பக்கவாட்டில் வெட்டுகள் உள்ள ஊசியால் குத்திக் குத்தியே இழைகளை உள்ளே தள்ளலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, பல கைகள் சேர்ந்து செய்வது. பெரிய விரிப்பை ஒருவர் தனியாக உருட்டித் தேய்ப்பது கடினம். கிர்கிஸ்தானில் பெண்கள் கூடித்தான் செய்கிறார்கள், மூத்தவர்களிடமிருந்து இளையவர்கள் கற்கிறார்கள். அவர்களின் அலா-கியீஸ், ஷிர்டக் விரிப்புக் கலையை, அழியும் ஆபத்தில் இருப்பதால் உடனடிப் பாதுகாப்பு தேவை என்று 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது.

அப்புறம், வெந்நீர்தான் கம்பளியைச் சுருக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் சூடு உதவி மட்டுமே செய்கிறது, சுருக்குவது தேய்ப்பும் அசைவும்தான்.