இருபதுக்கு ஒன்பது

தம்பி,

உன் கடிதத்தை புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். பிள்ளைகளுக்கு அக்டோபர் விடுமுறை, இரண்டு வாரத்துக்கு வந்திருக்கிறோம். ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது. பிரான்சில் லியோனுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது, முதல் தேர்வில் இருபதுக்கு ஒன்பதுதான், வகுப்பில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, கடையில் கூட கடுகடு என்று இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில், "இங்கே வந்து தப்புப் பண்ணிட்டேனா அக்கா?" என்று கேட்டிருக்கிறாய்.

தப்பெல்லாம் இல்லை. நான் 2005-இல் படிக்க வந்து அங்கேயே தங்கிவிட்டவள். முதல் இரண்டு மாதம் ராத்திரி படுக்கும்போதெல்லாம் இதே கேள்விதான் எனக்கும். உன்னை ஒதுக்குகிறார்கள் என்று நீ நினைப்பதில் பாதிக்கு மேல், அந்த ஊர் வழக்கத்தை உனக்கு யாரும் சொல்லித் தராததால் வந்தது.

மார்க்கிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் உன்னை அதிகம் அரிக்கிறது என்று தெரிகிறது. இருபதுக்கு ஒன்பது என்றதும் நீ அதை ஐந்தால் பெருக்கி நாற்பத்தைந்து என்று கணக்குப் போட்டிருப்பாய். அந்தக் கணக்கு அங்கே செல்லாது. பத்து எடுத்தால் தேர்ச்சி. பன்னிரண்டு பரவாயில்லை, பதினாலு நன்று, பதினாறு மிக நன்று. இருபதுக்கு இருபது என்பதைப் பல வாத்தியார்கள் யாருக்கும் போட்டதே இருக்காது. நம் ஊரில் தொண்ணூற்றைந்து வாங்கிய பையன் அங்கே பதின்மூன்று வாங்கினால் அது நல்ல மார்க். ஒரு பாடத்தில் ஒன்பது வந்தாலும் இன்னொன்றில் வரும் பன்னிரண்டு சராசரியில் தூக்கிவிடும் முறை பல படிப்புகளில் உண்டு; மறுதேர்வும் உண்டு. உன் துறையில் எப்படி என்று அலுவலகத்தில் தேர்வு விதிமுறைத் தாளைக் கேட்டு வாங்கிப் படி.

என் முதல் தேர்வில் நான் எடுத்தது ஏழு. நாலு பக்கம் எழுதியிருந்தேன், புத்தகத்தில் இருந்த வரையறை ஒன்றுகூட விடவில்லை. விடைத்தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே வார்த்தை: "எ அலோர்?" அப்படியென்றால் "சரி, அதனால்?" மூன்று இடத்தில் வாத்தியார் அதையே எழுதியிருந்தார். கழிப்பறைக்குள் போய் அழுதேன். ஒரு வாரம் கழித்துத்தான் அது திட்டு இல்லை, கேள்வி என்று புரிந்தது. "பாடம் உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், அதை வைத்து நீ என்ன சொல்ல வருகிறாய்?" என்று அவர் கேட்டிருக்கிறார். நாம் பன்னிரண்டாம் வகுப்பு வரை கற்றது, கேட்டதை அப்படியே திருப்பிக் கொடுக்க. அங்கே ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு நீ எப்படிப் போனாய் என்பதற்குத்தான் மார்க். விடை தப்பானாலும் வழி சரியாக இருந்தால் மார்க் கிடைக்கும். விடை மட்டும் சரியாக இருந்தால் போதாது.

நீ படிப்பது நீரியல். 2015 மழையில் கடலூர் மாவட்டமே தண்ணீரில் கிடந்தபோது நீ ஆறாவதோ ஏழாவதோ படித்திருப்பாய். கெடிலம் கரையை மீறி வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, வெள்ளப் பாடம் நடக்கும் வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாய் என்றால் எனக்கு மனசு ஆறவில்லை. வாத்தியார் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் அது சோதனை இல்லை, நிஜமாகவே கேட்கிறார். உன் மொழி உடைந்து உடைந்து வரட்டும். ஊரில் வடிகால் எங்கே அடைத்தது, தண்ணீர் வடிய எத்தனை நாள் ஆனது என்று சொல். அன்றைக்கே இரண்டு பேர் வந்து பேசுவார்கள்.

அப்புறம் கடைக்காரர்கள். நீ உள்ளே போனதும் நேராக "ஒரு ரொட்டி" என்று கேட்டிருப்பாய். நம் ஊர் கடையில் "அண்ணே, அரைக் கிலோ சர்க்கரை" என்றால் போதும், அந்த அண்ணேயிலேயே மரியாதை இருக்கிறது. அங்கே அந்த வேலையை "போன்ழூர்" என்ற வணக்கம் செய்கிறது. கடை, பேருந்து, மருத்துவர் அறை, எங்கே நுழைந்தாலும் முதலில் போன்ழூர், ஒரு நொடி நிறுத்து, பிறகு கேள். அதைச் சொல்லாமல் கேட்டால், பெரியவரை "ஏய்" என்று கூப்பிட்ட மாதிரி அவர்களுக்கு. நான் பிரெஞ்சில் "ரூ" (தெரு) என்று பெயர்ப் பலகை போட்ட புதுச்சேரித் தெருக்களில் ஓடி விளையாடியவள், பக்கத்து வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா தாத்தா இருந்தார், ஆனாலும் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு விஷயத்தில் நமக்கு வசதி உண்டு: "நீ", "நீங்கள்" என்ற வித்தியாசம் அவர்கள் மொழியிலும் இருக்கிறது. யாரிடம் எது என்று உன் தமிழ்க் காது பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடும். வகுப்புத் தோழர்களிடம் முதல் நாளிலிருந்தே "நீ"தான்.

படிப்பு ஆங்கிலத்தில்தானே என்று பிரெஞ்சைத் தள்ளிப் போடாதே. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், மதியச் சாப்பாட்டு மேசை பிரெஞ்சில் நடக்கும். தனிமை அந்த மேசையில்தான் இருக்கிறது.

காகித வேலைகளில் மூன்றைச் சொல்கிறேன். வந்த மூன்று மாதத்துக்குள் உன் நீண்டகால விசாவை இணையத்தில் பதிந்து உறுதிசெய்ய வேண்டும், தாமதிக்காதே. மாணவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் பதிய அப்பா அம்மா பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். மூன்றாவது, உன் பெயர். நமக்கு இனிஷியல்தானே, பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடத்தில் அப்பா பெயர் போய் உட்கார்ந்திருக்கும். ஓர் அலுவலகத்தில் என் அப்பா பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் சும்மா இருந்தேன், என் முறை போய்விட்டது. மறுபடி வரிசையில் நின்றபோது, அப்பா பெயரை இவ்வளவு தூரத்தில் ஒருவர் உரக்கச் சொன்னாரே என்று தொண்டை அடைத்தது. உன் தபால் பெட்டியில் உன் பெயர், அப்பா பெயர் இரண்டையும் எழுதி ஒட்டு. பெயர் இல்லாத பெட்டியில் தபால் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்று. இந்த ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். நம் ஊருக்கும் அந்த ஊருக்கும் மூன்றரை மணி வித்தியாசம் நாலரை ஆகிவிடும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அந்த இருட்டு மனசைப் பிடித்து அழுத்தும், நம்மைப் போல் வெயிலில் வளர்ந்தவர்களுக்குக் கூடுதலாக. மதியம் வகுப்பு இல்லாத நேரத்தில் ரோன் ஆற்றங்கரையில் அரை மணி நட. அறைக்குள் அடைந்து கிடக்காதே.

முந்தாநாள் உன் அம்மா திருப்பாப்புலியூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். பையில் பண்ருட்டி முந்திரி, இட்லிப் பொடி, நெத்திலிக் கருவாடு, ஒரு கட்டுக் கறிவேப்பிலை, வீட்டில் உருக்கிய நெய் ஒரு டப்பா. பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது, பச்சை இலையும் சான்றிதழ் இல்லாமல் கூடாது என்று சொல்லி நெய்யையும் கறிவேப்பிலையையும் திருப்பிக் கொடுத்தேன். கருவாட்டுக்குத் தடையில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நல்லாச் சாப்பிடுறானாம்மா?" என்று கேட்டார். நீ அவரிடம் சொன்னதையே நானும் சொன்னேன், ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. ஒன்பது மார்க்கை அவரிடம் சொல். பத்துதான் தேர்ச்சி என்பதையும் சேர்த்துச் சொல். அவருக்குப் புரியும்.

விடைத்தாளைப் பார்க்க உனக்கு உரிமை இருக்கிறது, வாத்தியாருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி நேரம் கேள். நான் அடுத்த ஞாயிறு லியோனை ஒட்டிய வில்லூர்பானில் உள்ள என் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். அன்று சாயங்காலம் வந்து பொடியையும் கருவாட்டையும் வாங்கிக்கொள். முடிந்தால் விடைத்தாளைப் படம் எடுத்து வா, ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று சேர்ந்து படிப்போம்.

அக்கா